நடுவில் தேய்ந்த டயர்

இருபத்தெட்டு வருஷமாக டிராக்டர் டயரைக் கழற்றி மாட்டியே இடுப்பு விட்டுப்போன மனுஷர் அவர். காலையில் கடைக் கதவைத் தூக்கும்போதே, "ஆண்டவனே, இன்னைக்காவது யாருகிட்டயும் பொய் சொல்ல வைக்காதே" என்று வேண்டிக்கொள்வார். வருகிறவர்களில் பாதிப் பேர் வயலுக்கும் ரோட்டுக்கும் ஒரே டயர் கேட்பார்கள். ஆகாது என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

அன்றைக்கு வந்து இறங்கியது தங்கையும் அவள் புருஷனும்.

"சேத்துல நல்லா கடிக்கிற மாதிரி, பட்டன் உசரமா ரெண்டு பின் டயர் குடுங்க மச்சான்" என்றார் தங்கை புருஷன், கொஞ்சம் சத்தமாகவே.

டயர் மேல் புடைத்திருக்கும் ரப்பர் கட்டைகளைத்தான் பட்டன் என்பார்கள். சேற்றுக்கு அது உயரமாக, இடைவெளி விட்டு இருந்தால்தான் சகதி உதிரும். ரோட்டுக்குத் தாழ்வாக, நெருக்கமாக இருக்க வேண்டும். டயர்க்காரர், அவர்கள் கழற்றிக் கொண்டுவந்திருந்த பழைய டயரைத் தடவினார். நடுப்பட்டன் மொழுமொழுவென்று மழுங்கிக் கிடந்தது. காற்றை அளவுக்கு மேல் ஏற்றி, பாரம் இழுத்து, தாரில் ஓடிய டயர். சேற்றையே கண்டதில்லை.

விஷயம் புரிந்துவிட்டது. முழங்கால் வலியால் தங்கை தன் நிலத்துப் பக்கம் போய் ரெண்டு வருஷம். மாப்பிள்ளை அவளுக்குத் தெரியாமல் அதை யாருக்கோ குத்தகைக்கு விட்டுவிட்டு எங்கேயோ லோடு அடிக்கிறார்.

சொன்னால் தங்கை வீட்டில் நிம்மதி போகும். சொல்லாமல் சேற்று டயரை மாட்டினால், பாரத்தோடு இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டி நிற்காது.

"எந்த மண்ணுல ஓடப்போகுது மாப்பிள்ளை?" என்று, எல்லாரிடமும் கேட்பதையே கேட்டார்.

மாப்பிள்ளை குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

"ரோட்டு டயரே போடுண்ணே" என்றாள் தங்கை. "ஒரு வருஷமா இவரு சட்டையில செங்கல் தூளுதான் வருது. துவைக்கிறவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன்டி கேக்கல?" என்றார் புருஷன் மெதுவாக.

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். அலுத்துப்போச்சு."

"ரெண்டு போகம் கையக் கடிச்சுது. எனக்கும் முடியல."

"அதச் சொல்றதுக்கு என்ன? நான் என்ன முழுங்கிடவா போறேன்?"

மாப்பிள்ளை பழைய டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். டயர்க்காரர் உள்ளே போய் ரோட்டு டயரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"எழுந்திரிங்க மாப்பிள்ளை. ஒரு கை பிடிங்க. எனக்கு இடுப்பு இல்ல."