சம்மனசுக்கு நான் அடித்த வாள்

எங்கள் கோயிலில் நிற்கும் தேவதூதர் மிக்கேல் சம்மனசின் வாள் என்னால்தான் உடைந்தது. திருவிழாக் கொடியேற்றத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, சுரூபத்தைத் துடைத்து வண்ணம் பூசுவதற்காக நாலு பேர் சேர்ந்து மாடத்திலிருந்து இறக்கினோம். தோள் பக்கம் பிடித்தவன் நான். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்ல வேண்டியவனும் நான்தான். சொல்லவில்லை. ஓங்கிய கையிலிருந்த வாள் விசிறியின் இறக்கையில் பட்டு மூன்று துண்டாகத் தெறித்தது.

மரச் சுரூபம், நாலடி உயரம். வெள்ளைக்காரச் சாமியார்கள் காலத்தில் கப்பலில் வந்தது என்பார்கள். வாளும் மரம்தான். கரையான் உள்ளே தின்றுவிட்டு வெளியே வெள்ளிச் சாயத்தை மட்டும் விட்டு வைத்திருந்தது.

அந்த வாளுக்கும் எனக்கும் ஒரு கணக்கு உண்டு. நான்கு வருடத்துக்கு முன்னால் நான் குடித்துக்கொண்டிருந்தவன். உத்திரமேரூர் கடைத்தெருவில் வெல்டிங் பட்டறை. சாயங்காலம் ஷட்டரை இறக்கினால் கால் நேரே சாராயக்கடைக்குத்தான் போகும். ஒரு நாள் என் மனைவி என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஸ்டூலில் ஏறச் சொல்லி, சம்மனசின் வாளைப் பிடிக்கச் சொல்லி, "இனிமே தொடமாட்டேன்னு சொல்லு" என்றாள். சொன்னேன். அதற்குப் பிறகு தொடவில்லை. அந்த வாள்தான் இப்போது தரையில் கிடந்தது.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"கத்தி ஒடஞ்சா சத்தியமும் ஒடஞ்சிபோச்சின்னு நெனச்சிக்கினு எங்கயாவது போயி நின்னே, அப்புறம் இன்னா நடக்கும்னு எனக்கே தெரியாது" என்றாள்.

"நான் புதுசா அடிச்சி குடுத்துடறேன்" என்றேன்.

மறுநாள் உடைந்த துண்டுகளை அளவெடுக்கப் போனேன். கோயிலைக் கூட்டி மணியடிக்கும் கோயில்பிள்ளை அவற்றை எரித்துவிட்டிருந்தார். மந்திரித்த பொருள் உடைந்தால் குப்பையில் போடக்கூடாது, எரிக்க வேண்டும் அல்லது புதைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பாவம், அவர் பக்தியோடுதான் செய்தார். போன வருடக் குருத்தோலைகளோடு சேர்த்து எரித்து, சாம்பலை ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருந்தார், நெற்றியில் சாம்பல் பூசும் விபூதிப் புதனுக்கு ஆகும் என்று.

வாள் எப்படி இருந்தது என்று ஊரில் கேட்டேன். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தவர்கள்தான் எல்லோரும். ஒருவர் வளைந்திருந்தது என்றார், ஒருவர் நேராக என்றார், ஒருவர் நுனியில் நெருப்பு மாதிரி நெளி இருந்தது என்று சத்தியம் செய்தார். கடைசியில் என் கைக்குத் தெரிந்ததை அடித்தேன். லாரி ஸ்பிரிங் பட்டையை உலையில் வைத்து, நல்ல வளைவாக, நுனி அகன்று, பார்த்தாலே பயம் வருகிற மாதிரி. நாலு கிலோ இருக்கும். வாள் என்றால் கனமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

செருகினோம். கோயில் காரியங்களுக்குத் தலைவரான நாட்டாண்மைக்காரர் தள்ளி நின்று பார்த்தார்.

"இன்னாபா இது, சம்மனசு ஏரிக்கர முனீஸ்வரன்கிட்ட கைமாத்து வாங்கினாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சுரூபத்தின் தோளில் சடக் என்று ஒரு சத்தம். கை ஒரு விரற்கடை இறங்கி, மூட்டில் வெடிப்பு விட்டது. ஓடிப்போய் வாளை உருவினேன்.

நாட்டாண்மைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "போதும். மரம் உளுத்துப்போச்சி. மெட்ராஸ்ல பிளாஸ்டர்ல புதுசு வாங்கிடலாம். இத மொறப்படி கல்லறத் தோட்டத்துல பொதச்சிடலாம்" என்றார்.

என் சத்தியத்தைக் கேட்டவரையே மண்ணுக்குள் வைக்கப் போகிறார்கள். "கொடியேத்தம் வரைக்கும் டைம் குடு அண்ணே" என்று கெஞ்சினேன். "கொடியேத்தத்து அன்னிக்கி கை நிக்கணும். நிக்கலன்னா பேச்சே கெடயாது" என்றார். எட்டு நாள் இருந்தது.

எங்கள் பங்குச் சாமியார் அப்போது புதிதாக வந்தவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், தெற்கத்திக்காரர். மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார். சாமியார் வீட்டு அலமாரியில் பழைய வெள்ளைக்காரச் சாமி யாரோ விட்டுப்போன ஒரு பெரிய புத்தகம். முழுக்க ஐரோப்பாக்காரர்களின் வாள் படங்கள், எந்த நூற்றாண்டில் எப்படி இருந்தது என்று வரிசையாக. நான் எட்டாவதோடு நின்றவன், இங்கிலீஷ் ஓடாது. அவர் படித்துச் சொன்னார், நான் படத்தைப் பார்த்தேன்.

முதலில் இருந்தவை அகலமான வாள்கள். இரண்டு பக்கமும் கூர். நடுவில் நுனிவரை ஒரு பள்ளம் ஓடியது.

"சாமி, இந்தப் பள்ளம் ரத்தம் வடியறதுக்குத்தான?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். இல்லையாம். எடையைக் குறைக்கத்தானாம். எடை குறையும், ஆனா வளையாதுன்னு போட்டிருக்கு. அது எப்படின்னு எனக்குப் புரியலை."

எனக்குப் புரிந்தது. வெறும் தகடு காற்றில் ஆடும். அதையே மடிப்பு விட்டால் கூரையாக நிற்கும். தினமும் நான் செய்கிற வேலை. இதை எந்த ஊரிலோ எந்தக் காலத்திலோ ஒரு கொல்லன் வாளில் செய்திருக்கிறான்.

"சாமி, எடை எவ்ளோ போட்டுக்கீது?"

"ஒன்றே கால் கிலோ."

"ஒரு படி அரிசி அளவுகூட இல்லியா? தப்பா போட்டுக்கீறாங்க சாமி."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். ஒன்றே கால் கிலோதான். நாள் முழுக்க வீசுகிறவன் நாலு கிலோவைத் தூக்க முடியுமா என்று அவரே கேட்டார். நானும்தான் சுத்தியல் பிடிக்கிறவன். யோசித்திருக்க வேண்டும்.

பக்கங்களைப் புரட்டப் புரட்ட வாள் மாறிக்கொண்டே போனது. இரும்பு வளையங்களைக் கோர்த்துச் சட்டை போட்டிருந்த காலத்தில் வெட்டுகிற வாள். அப்புறம் உடம்பு முழுக்கத் தகடு மாட்ட ஆரம்பித்தார்கள். வெட்டினால் பட்டுத் தெறித்தது. அதனால் வாள் நுனியில் ஒடுங்கி, குறுக்கே அறுத்துப் பார்த்தால் பட்டை தீட்டிய கல் மாதிரி கெட்டியாகி, தகட்டின் சந்தில் குத்துகிற வாளாக மாறியது. கைப்பிடி நீண்டு இரண்டு கைக்கு இடம் வந்தது. ஒருவன் தன்னை மூட மூட, இன்னொருவன் அதில் சந்து தேடியிருக்கிறான். பல நூறு வருடம் இதே வேலை.

குறுக்குக் கட்டை வைத்த கைப்பிடியைச் சிலுவை மாதிரி நட்டு, அதன்மேல் கைவைத்துச் சத்தியம் செய்வார்கள் என்று சாமியார் படித்தார். சில வாள்களில் ஆண்டவருடைய பெயரையே பட்டையில் பொறித்திருந்தார்கள்.

"வெட்டப்போற கத்தியில எப்படி சாமி ஆண்டவர் பேர எழுதினாங்க?" என்று கேட்டேன்.

அவர் படத்திலிருந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். "பயந்திருப்பாங்க" என்றார். அந்தப் பதில் எனக்கு இன்றைக்கும் போதுமானதாகவும் இருக்கிறது, போதாததாகவும் இருக்கிறது. சம்மனசு கையில் இருப்பது மாம்சத்தை வெட்டுகிற வாள் இல்லை என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறேன். உலகத்தில் இரும்பு உருக்குவதற்கு முன்பே இருந்தவர் அவர். சிற்பி தன் ஊரில் பார்த்த வாளைக் கொடுத்தான், நான் என் ஊரில் பார்த்ததைக் கொடுத்தேன். ஆனால் அவன் கொடுத்தது கையை ஒடிக்கவில்லை.

ஏன் ஒடிக்கவில்லை என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மரமாக இருந்ததால் மட்டுமா? கைப்பிடியின் அடியில் எல்லாப் படத்திலும் ஒரு குமிழ் இருந்தது. சில உருண்டை, சில சக்கரம் மாதிரி. அழகுக்கு என்று நினைத்தேன். பட்டை முன்னால் இழுக்கிற கனத்தைப் பின்னால் நின்று பிடிப்பது அந்தக் குமிழ்தான் என்று புத்தகம் சொன்னது. தராசு மாதிரி. மொத்தத்தில் கொஞ்சம் எடை கூடினாலும் மணிக்கட்டு திருகாது.

ஓடினேன் பழைய இரும்புக் கடைக்கு. குமிழ் கேட்டதும் கடைக்கார பாய் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இன்னா நைனா, கொமிழு தேடிக்கினு கீறே? போன வாரம் ஸ்பிரிங் பட்ட. எந்த நாட்டு மேல படையெடுக்கப் போறே?"

"சம்மனசுக்கு பாய்."

"அவுருக்கா? இரு." உள்ளே போய், பழைய கட்டில் காலில் இருந்த பித்தளைக் குமிழ்கள் நாலைக் கொண்டுவந்து கொட்டினார். "எது சேருதோ எடுத்துக்க. சேராதத திருப்பிக் குடு. எங்க வேதத்துலயும் அவுரு பேரு கீது, தெரியும்ல?"

பட்டையைச் சுரூபத்தின் அளவுக்குச் சிறிதாக, மெல்லிசாக எடுத்தேன். பழுக்கக் காய்ச்சி, உருண்டைக் கம்பியை மேலே வைத்து அடித்துப் பள்ளம் இறக்கினேன். முதல் பட்டை முறுக்கிக்கொண்டது. இரண்டாவதில் பள்ளம் ஓரத்துக்கு ஓடிவிட்டது. மூன்றாவதில்தான் நடுவில் நின்றது. குறுக்குக் கட்டை வைத்து, பாய் கொடுத்த குமிழ்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றித் திருகிப் பார்த்தேன். மூன்றாவது குமிழில், குறுக்குக் கட்டைக்கு மேலே இரண்டு விரல் தள்ளித் தாங்கியபோது, வாள் என் ஒற்றை விரலில் ஆடாமல் படுத்தது. பட்டறையில் தனியாக முழந்தாளிட்டேன்.

தோள் மூட்டுக்குள் மர ஆணி புதிதாக அடித்து, பசை போட்டு, வெள்ளிக்கிழமை காலையில் வாளைச் செருகினோம். வெடிப்பின் மேலே காகிதப் பட்டை ஒன்றைக் குறுக்கே ஒட்டினேன். வெடிப்பு விரிந்தால் காகிதம் கிழியும். கட்டட வேலைக்காரர்கள் சுவரில் செய்வது. இரண்டு நாள் அந்தக் காகிதத்தைப் போய்ப் போய்ப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கொடியேற்றத்துக்கு முன் நாட்டாண்மைக்காரர் ஸ்டூலில் ஏறினார். காகிதத்தை நகத்தால் தடவினார். வாளின் நுனியை லேசாகத் தட்டினார். அது அதிர்ந்து நின்றது.

"காயிதம் கிழியல" என்றார். ஸ்டூலை விட்டு இறங்கி, "பொதைக்கறதெல்லாம் வேணாம். இவுரே இருக்கட்டும்" என்றார்.

திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம் தேர் போனது. பஞ்சாயத்துக் குழாய்க்காகத் தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தேர் குலுங்கியது, வாள் நடுங்கியது, கை இறங்கவில்லை. தேரைத் தோளில் சுமக்கும் தண்டை நான் பிடிக்கவில்லை. முன்னால் சம்மனசைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "ஜெபமால ஒரு சுத்தாவது சொன்னியா?"

"இல்ல. அந்தக் கையவே பாத்துக்கினு வந்துட்டேன்."

"எத்தினி பேர் கால மெறிச்சேன்னாவது தெரியுமா?" என்றாள். பிறகு சோற்றைப் போட்டுக்கொண்டே, "பரவால்ல உடு. நீ சொல்லாதத நான் சேத்து சொல்லிட்டேன்" என்றாள்.