முந்திரிக் கொல்லையில் புல்லுருவி

1983, சித்திரை. காலை ஆறே முக்காலுக்கு அரியலூரில் ரயிலை விட்டு இறங்கினேன். நான் திருச்சியில் தாவரவியல் வாத்தியார். உடன் வேலை பார்க்கும் கோவிந்தனின் அக்கா செல்லம்மாள், ஜெயங்கொண்டம் பக்கம் பதினோரு முந்திரி மரங்களும் ஆறு ஆடுகளுமாகத் தனியாகக் காலம் தள்ளுகிறவர். மரங்கள் காய்ப்பை நிறுத்திவிட்டனவாம். "என்ன கேடுன்னு பார்த்துட்டு வாய்யா" என்று கோவிந்தன் என்னைத் துரத்திவிட்டான்.

பஸ்ஸுக்கு மூன்று ரூபாய். முப்பத்தைந்து கிலோமீட்டர்தான்; டிரைவர் பாவி இரண்டு மணி நேரம் உருட்டினான். இரண்டு வருஷமாக மழையில்லாமல் ஏரிகளெல்லாம் வெடித்துக் கிடந்தன.

"மேய்ச்சலே இல்லைங்க சார். ஆட்டையெல்லாம் வந்த வெலைக்கு வித்துட்டாங்க" என்றார் கண்டக்டர்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் மூன்று கிலோமீட்டர் நடை. பத்தரைக்குக் கொல்லைக்குள் நுழைந்தேன். பதினோரு மரத்திலும் புல்லுருவி! மரங்கள் காய்ந்து நிற்க, அவற்றின் சாற்றை உறிஞ்சி அது மட்டும் பச்சைப் பசேலென்று தழைத்திருந்தது. அதிலும் ஒரு வினோதம். குருவி எச்சமிட்டு முளைப்பது உச்சிக் கிளையில் அல்லவா இருக்கும்? இங்கே எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில், வரிசையாக இருந்தன.

"நாந்தான் தம்பி ஒட்டுனேன்" என்றார் செல்லம்மாள், கொஞ்சம் பெருமையாகவே. "முந்திரித் தழைய ஆடு மோந்துகூடப் பாக்காது. இதுன்னா உசிரு. இதோட பழத்தப் பிதுக்குனா வெதை பசையாட்டம் ஒட்டிக்குது. குருவி ஒட்டுனா மொளைக்குது, நான் ஒட்டுனா மொளைக்காதான்னு பாத்தேன். ஊருல எல்லாரும் ஆட்டை வித்தப்ப நான் ஒன்னுகூட விக்கலைங்க."

மரத்தைக் கொல்வதே இதுதான், கிளையோடு வெட்டாவிட்டால் ஒரு மரமும் தேறாது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"என் கையாலயே கெடுத்துட்டனே."

பிறகு எழுந்து அரிவாளை எடுத்தார். நானும் கைகொடுத்தேன். கிளை விழ விழ ஆறு ஆடுகளும் ஓடிவந்து மொய்த்தன. மூன்று மணிக்குள் பத்து மரம் மொட்டையாகிவிட்டது. பதினோராவதன் அடியில் அவர் நின்றுவிட்டார்.

"இந்தத் தழை நாலு நாளைக்குத் தாங்கும். அப்புறம் என்னத்தப் போடுவேன்? இது ஒன்னை மட்டும் விட்டுடட்டுங்களா தம்பி?"

ஒரு மரத்துப் பழம் போதும், குருவிகள் மற்ற பத்துக்கும் மறுபடி கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆடுகள் இன்னும் மென்றுகொண்டிருந்தன.

"விட்டுடுங்கக்கா" என்றேன்.