வடிவு சுமந்த கறுப்புப் பெட்டி

எங்கள் மலையிலிருந்து சனிக்கிழமை காலை போளூருக்கு இறங்கும் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில், மடியில் மஞ்சள் பையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பார். பையைக் கீழே வைக்கமாட்டார், மேலே கம்பியிலும் வைக்கமாட்டார். அவர் பெயர் வடிவு. பைக்குள் துண்டில் சுற்றியிருப்பது அரைச் செங்கல் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. எங்கள் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொண்ட முப்பதாயிரம் பேரின் நோய், மருந்து, பிரசவம் எல்லாம் அதற்குள் நகலாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். சொல்லியிருந்தார்கள் என்பதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

கண்டக்டர் சக்திவேலுக்கு வாரத்துக்கு ஒரு கிண்டல்.

“யக்கா, கொழந்தைக்கு அஞ்சு வயசு தாண்டிப்போச்சே. அரை டிக்கெட் போட்டுடட்டா?”

“இது அழுவாது, உன்ன மாதிரி கத்தவும் கத்தாது. இதுக்கு இன்னாத்துக்குடா டிக்கெட்டு?”

போளூரில், ஆஸ்பத்திரியை நடத்தும் டிரஸ்டின் ஆபீஸ் பீரோவில் இந்தப் பெட்டியை வைத்துப் பூட்டிவிட்டு, போன வாரம் வைத்த பெட்டியை எடுத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் ஏறிவிடுவார். மலையில் தீப்பிடித்தாலும் இடி விழுந்தாலும் கீழே ஒரு நகல் பத்திரமாக இருக்கும் என்பது ஏற்பாடு. ஆறு வருஷத்தில் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. மாமியார் செத்த வாரத்தில்கூட, காரியம் வெள்ளிக்கிழமையே முடிந்தது சாமி புண்ணியம் என்று பஸ் ஏறிவிட்டார்.

வடிவு மூன்றாவது வரைக்கும் படித்தவர். வீட்டுக்காரர் குப்பனோடு சேர்ந்து சரிவில் சாமை விதைக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் பெருக்க வந்து, பிறகு நோயாளிகளின் காகிதக் கட்டுகள் இருந்த அறைக்கு மாறினார். பெயரைப் படித்துத் தேட நேரமாகும் என்று, கிழிசலையும் எண்ணெய்க் கறையையும் வைத்தே எந்த வீட்டுக் கட்டு எது என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். பிறகு எங்களுக்கு நல்ல காலம் பிறந்தது. ‘காகிதமில்லா ஆஸ்பத்திரி’ என்று ரிப்பன் வெட்டினார்கள். கட்டுகளை எல்லாம் பின்பக்கக் கொட்டகையில் போட்டார்கள். கறையான்களும் ஒரு குறையும் வைக்காமல், ஆஸ்பத்திரியைக் காகிதமே இல்லாததாகச் செய்து கொடுத்தன.

மேனேஜர் கோபால்சாமி சார்தான் கம்ப்யூட்டருக்கும் பொறுப்பு. தங்கமான மனுஷர். செவ்வாய்க்கிழமை விரதம் இருப்பவர். அவரைக் குறை சொன்னால் என் நாக்கை அம்மன் கேட்பாள். நான் அந்த ஆஸ்பத்திரியில் சமையல் பார்க்கிறவன், பார்த்ததை மட்டும் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் இடி விழுந்து பெரிய கம்ப்யூட்டர் கருகிப்போனது. சார் பதறவேயில்லை. “பேக்கப்ல இருக்கு” என்றார், வடிவு சுமக்கும் பெட்டியைத்தான். அன்றிலிருந்து எல்லாருக்கும் புதுசாக எழுத ஆரம்பித்தார்கள். பழைய விவரம் யார் கேட்டாலும், “பேக்கப்ல இருக்கு” என்பார். கேட்டவர்களுக்கும் மனசு நிறைந்துவிடும். கோயில் உண்டியலில் போட்டதைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறோமா? அந்த மாதிரி.

வடிவுக்கு ஒரே மகள், ஈஸ்வரி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் முதல் பிரசவத்தின்போது போட்ட ஒரு ஊசியில் அவளுக்கு முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு நின்றுபோகப் பார்த்தது. அன்றிருந்த டாக்டர் காப்பாற்றி, எந்த ஊசி என்று கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டு, அடுத்த வருஷமே மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது ஈஸ்வரிக்கு மறுபடியும் நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது. வியாழக்கிழமை ஆபரேஷன் என்று குறித்திருந்தார் டாக்டரம்மா கல்பனா.

“சீழ் பிடிக்காம இருக்க ஊசி போட்டே ஆவணும் வடிவக்கா. மூணு வகை இருக்கு. அதுல ஒண்ணுதான் அவளுக்கு ஆகாது. எதுன்னு தெரிஞ்சா தைரியமா மத்தத போடுவேன். தெரியலன்னா நான் கத்தி எடுக்கமாட்டேன். வேலூருக்கு அனுப்பணும். ரத்தக் கொதிப்போட இந்த வளைவுல அவள எறக்குறதும் எனக்குப் பயமா இருக்கு.”

“பேக்கப்ல கீதுன்னு சார் சொல்றாருமா.”

“அப்போ வாங்கிக் குடுங்க.”

வடிவு போய்க் கேட்டார். சார் அன்பாகத்தான் சொன்னார்: “இருக்கும்மா, எங்க போவுது? செவ்வாக்கெழம புது சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்க வராங்க. அத வாங்கிப் போட்டுட்டா ஒரே நிமிஷத்துல எடுத்துடலாம்.”

செவ்வாய்க்கிழமை வந்தது. நகல் எடுத்து வைக்கும் சாஃப்ட்வேரில் எது உசத்தி என்று ஒப்பிட்டுப் பார்க்கும் கூட்டம். டிரஸ்டிலிருந்து பெரியவர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து தனசேகரன் காரில் வந்தார், கழுத்தில் டையோடு. இன்னொரு கம்பெனிக்காக வாணியம்பாடிப் பெண் காஷிஃபா பஸ்ஸில் வந்தாள். வளைவு வளைவாக வாந்தி எடுத்துக்கொண்டே வந்து, இறங்கியதும் என்னிடம் எலுமிச்சம்பழம் கேட்டாள். கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே ஒருத்தர் முந்திவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

சுவரில் பெரிய அட்டவணை. முப்பத்தெட்டு வரிசை. கம்பெனிக்கு ஒரு கட்டம். இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. நான் டீ கொடுக்கிற சாக்கில் ஓரமாக நின்றேன்.

“எங்களுது எண்டர்பிரைஸ் சாஃப்ட்வேர் சார். பெரிய பெரிய கம்பெனிக்குன்னே செஞ்சது. நாப்பது நாட்டுல ஓடுது” என்றார் தனசேகரன்.

“நாப்பது!” என்றார் ஒரு பெரியவர். பச்சை.

“எங்களுது பன்னண்டு நாடுங்க” என்றாள் காஷிஃபா. பெரியவருக்கு முகம் வாடிவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு மேல்பட்டிலிருந்தும் கீழ்பட்டிலிருந்தும்தான் ஆள் வருகிறார்கள். இருந்தாலும் நாடு நாடுதானே.

தனசேகரன் எல்லா நகலையும் நெட் வழியாக மேகத்தில் வைக்கிறேன் என்றார். திரையில் வெள்ளை மேகம் அழகாக மிதந்தது. எங்கள் மலையில் மேகம் இறங்கினால் முதலில் போவது நெட்தான். அதை யாரும் சொல்லவில்லை, படம் அவ்வளவு நன்றாக இருந்தது. திருடர்கள் நெட் வழியாக உள்ளே புகுந்து கம்ப்யூட்டரைப் பூட்டினால் தாங்குமா என்று ஒரு வரிசை. இரண்டு பேருக்கும் பச்சை. கெட்டுப்போனால் எவ்வளவு நேரத்தில் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்பது அடுத்த வரிசை.

“பதினஞ்சு நிமிஷம்” என்றார் தனசேகரன்.

“உங்க பொட்டியப் பாக்காம நான் எப்படிங்க சொல்றது?” என்றாள் காஷிஃபா.

உண்மையைச் சொன்னதற்கு அவளுக்கு ஒரு சிவப்பு விழுந்தது.

அப்போது வாசலில் வடிவு நின்றிருந்தார். கையில், சனிக்கிழமை போளூரிலிருந்து எடுத்து வந்த பெட்டி.

“சார், எம் பொண்ணு விசயம். நாளனைக்கி ஆபரேஷன்.”

“இங்க கூட்டம் நடக்குதும்மா” என்றார் கோபால்சாமி சார்.

“தெரிதுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போய்டுறேன். வெதைக்கிறதுக்கு முன்னாடி நாங்க பானையில இருந்து ஒரு புடி சாமைய எடுத்து ஈரத்துணியில கட்டி வச்சிப் பாப்போம். மூணு நாள்ல மொளச்சாதான் வெதை. இல்லாங்காட்டி கோழிக்குத்தான். இந்தப் பொட்டியில ஒரு புடி எடுத்து மொளைக்குதான்னு இதுவரிக்கும் யாராச்சும் பாத்தீங்களா?”

பெரியவர்களில் ஒருவர் சிரித்தார். சார் சிரிக்கவில்லை, அட்டவணையைப் பார்த்தார். முப்பத்தெட்டு வரிசையில் அப்படி ஒரு வரிசை இல்லை.

“மீட்டெடுக்கறது தனி மாடூல்மா. ஆர்டர் போட்டப்புறம் பேசலாம்” என்றார் தனசேகரன்.

காஷிஃபா எழுந்து வந்தாள். “குடுங்கக்கா.” பெட்டியை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினாள். பார்த்தாள். மறுபடி பார்த்தாள். கூட்டத்துக்காகப் பெரியவர்கள் பீரோவிலிருந்து கொண்டுவந்திருந்த இன்னொரு பெட்டியையும் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

“சார், வாரா வாரம் நகல் எடுக்கறது யாரு?”

“நானேதான். யார்கிட்டயும் விடறதில்ல. திரையில இருக்கற ‘நோயாளிகள்’ படத்த அப்படியே இழுத்து இதுல போடுவேன். ஒரு செகண்டுல முடிஞ்சிடும்” என்றார் சார் பெருமையாக.

“முப்பதாயிரம் பேரு ஒரு செகண்டுலயா சார்? இங்க பாருங்க, படத்தோட மூலையில குட்டியா ஒரு அம்புக்குறி. இது ஷார்ட்கட். விவரமெல்லாம் பெரிய கம்ப்யூட்டர்ல எங்க இருக்குன்னு காட்டற கைகாட்டி. கைகாட்டியத்தான் எடுத்து வச்சிருக்கீங்க.”

நாலு வருஷத்துக்கு முன்னால் சார் மேஜைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து அப்படித்தானாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இருநூறு சனிக்கிழமை. இருநூறு சனிக்கிழமையும் வடிவு மடியில் வைத்து, துண்டில் சுற்றி, வளைவில் குலுங்காமல் அணைத்துக்கொண்டு போனது ஒரு அம்புக்குறியை. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம், பொரி கடலை எல்லாம் செய்தோம். நானே சுண்டல் செய்தேன்.

“வைரஸ் வேலையா இருக்கும்” என்றார் சார். அவருக்கு வேர்த்திருந்தது.

“எம் பொண்ணு இதுல இல்லியாம்மா?” என்று வடிவு காஷிஃபாவைக் கேட்டார்.

“இல்லக்கா. யாருமே இல்ல.”

வடிவு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுப்பதும் மூடுவதுமாக இருந்தார். எனக்கு அப்போது புரியவில்லை. போன வருஷம்தான் ஆஸ்பத்திரிப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோனதாக வாட்ச்மேனை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். பொருள் ஒரு கிழிந்த போர்வை. நிறுத்தியவர்கள் இதே இரண்டு பெரியவர்கள்.

“சார், மொதல்ல மூணு பொட்டி இருந்துச்சே. மூலை ஒடஞ்சது ஒண்ணு.”

“புதுக் கம்ப்யூட்டர் வந்தப்போ தூக்கிப் போடச் சொன்னேனே. அழிச்சாச்சுன்னு நானே கையெழுத்துப் போட்டேன்.”

“போடலீங்க. எங்க வூட்டுல கீது. வெதச் சாமப் பானையில.”

பெரியவர்கள் இருவரும் அட்டவணையை விட்டு வடிவைப் பார்த்தார்கள்.

“வெதைய நாங்க ஒரே பானையில வைக்கமாட்டோம் சார். மூணு எடமா வைப்போம். நீங்க ரெண்டே பொட்டி போதும்னீங்க. எனக்கு மனசு ஒப்பல. எடுத்துட்டுப் போய்ட்டேன். என்னிய வேலைய விட்டு அனுப்புறதுன்னா அனுப்பிக்கங்க. அத எடுத்தாரேன், மொதல்ல பாருங்க.”

வடிவின் வீடு மூன்று மைல். நடந்துதான் போக வேண்டும். தனசேகரன் மணி பார்த்துவிட்டுக் காரில் கிளம்பினார். பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டு, பாயசம் நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். காஷிஃபா தன் பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“எங்க கம்பெனி புக்குலயும் அதேதான் சார் போட்டிருக்கு. மூணு நகல், ஒண்ணு வேற எடத்துல. அத மனப்பாடம் பண்ணித்தான் நான் பரீட்சை பாஸானேன்” என்று அவள் சொல்ல, சார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு வடிவு வந்தார், முந்தானையில் பெட்டியோடு. விதையில் பூச்சி வராமல் போட்டுவைக்கும் நொச்சி இலை வாசனை அடித்தது. காஷிஃபா உடைந்த மூடியைக் கழற்றி, வேறு வயர் போட்டு மாட்டினாள். பெட்டி கரகரவென்று சத்தம் போட்டது, நின்றது, மறுபடி சத்தம் போட்டது. டாக்டரம்மா வந்து நின்றார். நான் அம்மனை நினைத்துக்கொண்டேன், வேறென்ன தெரியும் எனக்கு? அகர வரிசையில் பெயர்கள் வந்தன. பாதி படிக்க முடியாமல் போய்விட்டது. ‘ஈ’ வந்தபோது வடிவு கண்ணை மூடிக்கொண்டார்.

“இருக்குக்கா! ஈஸ்வரி, க/பெ சின்னராஜ்னு போட்டிருக்கு. ஊசி பேரும் இருக்கு.”

டாக்டரம்மா குனிந்து படித்து, சிவப்பு மையில் ஈஸ்வரியின் அட்டையில் எழுதினார். பிறகு, வழக்கமாக எல்லாருக்கும் தான் போடும் ஊசி எது என்று சொன்னார். அதுவேதான். வடிவு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ. தாயும் பிள்ளையும் சௌக்கியம்.

மூலை உடைந்த பெட்டிக்கும் இடி விழுந்த நாளுக்கும் நடுவில் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களின் விவரம் மட்டும் போனது போனதுதான். இரண்டு வருஷத்து ஜனம். அவர்கள் கேட்டால் சார் இப்போது “பேக்கப்ல இருக்கு” என்று சொல்வதில்லை. “சாமி பாத்துக்கும்” என்கிறார். நானும் அதையே நம்புகிறவன்தான். ஆனால் சாமியிடம் கம்ப்யூட்டர் வேலையையும் சேர்த்துக் கொடுத்ததில் எனக்குக் கொஞ்சம் சங்கடம்.

டிரஸ்ட் சும்மா இருக்குமா? பத்தே நாளில் மெமோ வந்தது, வடிவுக்கு. அலுவலகப் பொருளை அனுமதியில்லாமல் விதைப் பானையில் வைத்ததற்கு விளக்கம் கேட்டு. வடிவு சொல்லச் சொல்ல நான்தான் பதில் எழுதினேன்: “வைத்தது உண்மை. எலி தொடவில்லை. இப்படிக்கு வடிவு.” அதைப் படித்துவிட்டு டாக்டரம்மா டிரஸ்டுக்கு என்ன எழுதினாரோ தெரியாது, அதற்கப்புறம் மெமோ பேச்சு இல்லை.

அட்டவணையில் முப்பத்தொன்பதாவதாக ஒரு வரிசை சேர்த்தார்கள்: ‘எடுத்து வைத்ததைத் திரும்ப எடுத்துச் சோதித்தல்’. இரண்டு கம்பெனிக்கும் தபாலில் அனுப்பினார்கள். இரண்டும் பச்சை போட்டு அனுப்பின. ஆற அமர ஒப்பிட்டுப் பார்த்து, நாற்பது நாட்டில் ஓடுகிற சாஃப்ட்வேரையே வாங்கினார்கள். மழைக்காலத்தில் நெட் இருக்காது என்பதை வாங்கிய பிறகு கண்டுபிடித்து, பெட்டியும் இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். ஆக, வடிவின் சனிக்கிழமை தப்பியது.

ஒன்றுதான் மாறியிருக்கிறது. இப்போது வடிவு பெட்டியை உடனே வாங்கிக்கொள்வதில்லை. சார் மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மனசில் தோன்றிய ஒரு பெயரைச் சொல்கிறார். போன வாரம் பலாமரத்து வீட்டு மாதம்மாள், அதற்கு முந்தின வாரம் பாம்பு கடித்த கருப்பன். சார் அந்த ஆளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திரையில் காட்ட வேண்டும். காட்டினால்தான் துண்டு விரியும். வெளியே பஸ் ஹாரன் அடிக்கிறது.

“யக்கா! வண்டி கெளம்புது!” என்று சக்திவேல் கத்துகிறான்.

“போனா போவட்டும்டா” என்று உள்ளிருந்தே பதில் வருகிறது. “இன்னும் மொளைக்கல.”