தயிருக்குக் கூசாத பல்

முதல் முறை அந்தக் கூச்சம் வந்தது பாசிக்குடாக் கடலில், இடுப்பளவு நீரில். கடலடி பார்க்க வரும் பயணிகளுக்கு வழிகாட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். நீருக்குள் மூச்சுவிட உதவும் ஸ்னோர்கல் குழாயின் இறப்பர் நுனியைக் கடித்து முகத்தை நீருக்குள் இறக்கியதும், கீழ்த்தாடையின் இடப்பக்கத்தில் ஒரு பல் சுரீர் என்றது. நிமிர்ந்து துப்பினேன். மறுபடி கடித்தேன். மறுபடியும் சுரீர்.

வலப்பக்கத்தில் அதே இடத்துப் பல்லைச் சைக்கிளிலிருந்து விழுந்து எப்போதோ இழந்திருந்தேன். இறப்பரை இறுக்கிப் பிடிக்க மிச்சமிருந்தது இந்த ஒன்றுதான். இதுவும் போனால் நீர் உள்ளே கசியும். கசிந்தால் எனக்குக் கடல் இல்லை.

விடுமுறைக்கு எங்கள் ஊரான குருக்கள்மடத்துக்கு வந்தேன். உயிரியல் படித்தவள், சும்மா இருப்பேனா? பிரிஜ்ஜில் எருமைத் தயிர்ச் சட்டி எப்போதும் இருக்கும். காலையில் ஒரு கரண்டித் தயிரைப் பல்லின்மேல் வைத்து, கூச்சம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிக்கத் தொடங்கினேன். முதல் நாட்களில் விழுங்கியதும் அடங்கியது. பிறகு வந்த நாட்களில், முகம் கழுவித் தலைவாரி முடித்த பின்னும் தெறித்தது.

"என்னகா, தயிரத் திங்கிறியா, தவம் செய்யிறியா?" என்றார் அம்மா.

"பரிசோதனை அம்மா."

"பரிசோதனையும் மண்ணாங்கட்டியும்! போய்ப் புடுங்கிப் போட்டுட்டு வா. ஒரு பல்லுத்தானே."

அண்ணா எனக்குத் 'தயிர் டொக்டர்' என்று பட்டமே வைத்துவிட்டான்.

ஒரு காலை, கூச்சம் இல்லை. இன்னொரு கரண்டி வைத்தேன். அப்போதும் இல்லை. வெறும் கரண்டியை அண்ணாவின் முகத்துக்கு முன்னால் ஆட்டினேன். "பாத்தியா? தன்ட பாட்டில சுகமாகிட்டு!" பயிற்சிக்கு வருகிறேன் என்று தகவலும் அனுப்பினேன்.

இந்த இடத்தில் உங்களை நிறுத்த விரும்புகிறேன். பல் நோவோடு இதை வாசிப்பவர்களில் சிலர் இதே மகிழ்ச்சியில் இருக்கலாம். நான் பல நாள் இருந்தேன். பிறகு ரொட்டி கடிக்கும்போது அந்தப் பல் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்பதுபோல இடித்தது. அடி ஈறு வீங்கிப் பொம்மிவிட்டது.

அம்மா என்னைப் புளியந்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பல் வைத்தியர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். கதையைக் கேட்டார். குளிரூட்டிய பஞ்சைப் பக்கத்துப் பல்லில் வைத்தார், துள்ளினேன். நோவெடுத்த பல்லில் வைத்தார், எதுவும் தெரியவில்லை.

"கூச்சம் நிண்டது சுகமானதால இல்ல. உள்ளுக்க கூழ் செத்துட்டு," என்றார். பற்கூழ் (பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்மையான பகுதி) இறந்தால் குளிரை உணர ஆள் இல்லை. எக்ஸ்ரேயில் வேரின் நுனியில் சின்னக் கருநிழல் தெரிந்தது. அது கிருமித் தொற்று.

"மருந்து குடிச்சா மாறாதா டொக்டர்?" என்றேன்.

"வீக்கம் வத்தும். உள்ளுக்க இருக்கிறது அங்கயேதான் இருக்கும். ரூட் கெனால் செய்யலாம் (வேருக்குள் கெட்டதைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை). இல்லாட்டிப் புடுங்கலாம். சும்மா விடேலாது."

அம்மா கதிரையின் நுனிக்கு வந்தார். "புடுங்கினா இண்டைக்கே முடிஞ்சிரும்தானே?"

"ஓம் அம்மா, முடிஞ்சிரும். ஆனா வேர் உறுதியா இருக்கு, ஈறுக்கு வெளிய உள்ள பல்லும் போதுமான அளவு மிஞ்சியிருக்கு. காப்பாத்தலாம்."

இனிக் கேட்க வேண்டிய கேள்வி எனக்கு ஒன்றுதான் இருந்தது. "இதால இறப்பரக் கடிக்கலாமா?"

அவர் சிரித்தார். "பல்லுக்கு மேல மூடி போட்ட பிறகு தாராளமா."

"அப்ப செய்வம்," என்றேன். அம்மா கூரையைப் பார்த்தார்.

ஊசி போட்டு விறைக்க வைத்த பின் நோவு இல்லை. வேறொன்று வந்தது. பல்லைச் சுற்றி மெல்லிய இறப்பர்த் தாளை விரித்ததும் அது என் திறந்த வாயை அடைத்துக்கொண்டது. கடலில் வாயால் மூச்சுவிடப் பழகியவளுக்கு இங்கே மூக்கால் மட்டும் விட வேண்டியிருந்தது. காற்றுப் போதாததுபோல இருந்தது. கையைத் தூக்கினேன், அவர் நிறுத்தினார். நீருக்குள் பதறும் பயணிகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சியில் கற்ற அதே கணக்கை எனக்கே சொல்லிக்கொண்டேன்: மெதுவாக உள்ளே, அதைவிட மெதுவாக வெளியே. பிறகு தலையசைத்தேன். சன்னமான அரங்கள் வேருக்குள் இறங்கின.

இன்னும் சில தடவை போனேன். வேரை அடைத்து, மேலே மூடி (பல் உடையாமல் காக்கும் உறை) பொருத்தினார்கள்.

இப்போது பாசிக்குடாவில் முகத்தை நீருக்குள் இறக்கும்போது மற்றப் பற்கள் குளிரைச் சொல்கின்றன. இந்த ஒன்று பேசாது. ஆனால் இறப்பரைக் கடித்தால் அழுத்தம் அதற்குத் தெரிகிறது. கூழ் போனாலும் வேரைப் பிடித்திருக்கும் தசைநார்கள் உயிரோடுதான் இருக்கின்றன. நீர் கசிவதில்லை.

ஒரு கரண்டித் தயிர் என்பது எனக்கு முன்பு கூச்சத்தின் நேரத்தை அளக்கும் கருவி. போனமுறை வீட்டுக்குப் போனபோது அண்ணா கிண்ணத்தை நீட்டினான்.

"என்ன டொக்டர், இண்டைக்கு டெஸ்ட் இல்லையா?"

"இல்ல. பசிக்குது. சீனியத் தா."