சதுர முட்டையும் ரூபன் போட்ட ரோடும்

நாமக்கல்லில் சேலம் ரோட்டு ஓரமாக இருக்கும் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வசந்தாமணி பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். எந்த வண்டி எந்த ஊரில் நிற்கிறது, எங்கே லோடு கிடைக்கும், எந்த டிரைவர் போனை எடுக்கவே மாட்டான் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அறுபது டிரைவர்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தாள். தினமும் காலை ஏழு மணிக்கு லோடு விவரத்தை அதில் போடுவாள். ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. பிறகு அறுபது பேரும் தனித்தனியாகப் போன் செய்து அதையே கேட்பார்கள்.

ஒருநாள் வெறுத்துப்போய், லோடு பட்டியலுக்கு அடியில் ஒரு வீடியோவைச் சேர்த்துவிட்டாள். ஏதோ ஒரு ஊர் ஓட்டலில் தட்டு தூக்கிப் போகும் ரோபோ, தரையில் கிடந்த மிதியடியில் மாட்டிக்கொண்டு, "தயவுசெய்து வழி விடுங்கள்" என்று மிதியடியிடம் பத்து நிமிஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஐம்பத்தெட்டு பேர் மெசேஜைப் பார்த்தார்கள்.

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. ஒரு சிரிப்பு, ஒரு டெக்னாலஜி செய்தி, ஒரு கேம் துணுக்கு. சரக்கு இறக்க இரண்டு நாள், மூன்று நாள் காத்துக்கிடக்கும் டிரைவர்கள் போனில் கேம் ஆடித்தான் பொழுதை ஓட்டுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டிலிருந்து வரும் பஸ்ஸில் உட்கார்ந்து தேடிப் படித்து, தன் பாஷையில் எழுதுவாள். 'போனை எம்பது பர்சென்டுக்கு மேல சார்ஜ் ஏத்தாம இருந்தா பேட்டரி ரொம்ப நாள் உழைக்குமாம். வயிறு முட்டத் தின்னுபோட்டு லோடு ஏத்துனா நமக்கே மூச்சு வாங்குதல்ல, அந்த மாதிரி.'

அப்புறம்தான் அந்தச் சதுர முட்டை வந்தது.

வெளிநாட்டில் ஒரு கோழி சதுரமாக முட்டையிடுகிறது. உருளாது, அட்டையில் இடம் அடைக்காது, லாரியில் எவ்வளவு தூரம் போனாலும் உடையாது என்று போட்டிருந்தது. வெள்ளைக் கோழி ஒன்று நான்கு சதுர முட்டைகளுக்குப் பக்கத்தில் பெருமையாக நின்றது. நம்ம ஊருக்கென்றே வந்த செய்தி என்று வசந்தாமணி சந்தோஷமாகப் போட்டுவிட்டாள். ஊரே முட்டையில் வாழ்கிற ஊர். மத்தியானத்துக்குள் அது டிரைவர்களிடமிருந்து பண்ணைக்காரர்களுக்கும், அங்கிருந்து தீவனக் கடைகளுக்கும் போய்விட்டது. ஆபீஸ் போன் விடாமல் அடித்தது. "அந்தக் குஞ்சு எங்கீங்க கெடைக்குது?" மறுநாள் மோகனூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் காரிலேயே வந்து இறங்கிவிட்டார்.

ஓனர் சரவணமுத்து அவருக்குச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே வந்தார்.

"ஏன் அம்மணி, இது லாரி ஆபீஸா, இல்ல வித்தைக்காரன் கொட்டாயா?"

வசந்தாமணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் வரைந்த படம். கோழிக்கு மூன்று கால் இருந்தது. இத்தனை பேர் பார்த்தும் ஒருவரும் காலை எண்ணவில்லை, அவள் உட்பட. அவளுக்கு அவமானமாகப் போய்விட்டது.

அடுத்த நான்கு நாட்கள் வெறும் லோடு பட்டியல்தான். ஐந்தாம் நாள் நாக்பூருக்குப் பக்கத்திலிருந்து டிரைவர் சின்னண்ணன் கூப்பிட்டான்.

"ஏனுங்கக்கா, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கறேன். ஏன்?"

"பின்ன வெறும் லோடு மட்டும் வருதே? ஒத்தையாளாத்தான் ஓட்டிட்டு வாரேன். காலையில டீ குடிக்கறப்ப உங்களுதப் படிச்சுச் சிரிச்சாத்தானுங்க வண்டி எடுக்கவே மனசு வருது."

"தப்பாப் போட்டுட்டனே சின்னண்ணா."

"அந்த முட்டையா? வழியெல்லாம் அதைச் சொல்லித்தான் சிரிச்சுட்டு வாரேன். நீங்க போடுங்க."

மறுநாளே மறுபடி தொடங்கினாள். ஆனால் இந்த முறை ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள். எதுவாக இருந்தாலும் முதலில் போட்டவர் யார் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் போடக்கூடாது.

ஆடி மாதத்தில் ஒரு வீடியோ அவள் கைக்கு வந்தது. லாரி ஓட்டும் கேம். பன்னிரண்டு சக்கர வண்டி ஒன்று கிளம்பிப் போகிறது. பின்னால் ஒற்றைப் பாறை மேல் கோட்டை. ரோட்டோரம் நீலப் பலகை: 'மயிலம்மாள் டிபன்'. வாசலில் தண்ணீர் டிரம், அதன் மேல் தண்ணீர் மொள்ளும் சிவப்பு மக்கு. வசந்தாமணி நிமிர்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் அதே பலகை, அதே டிரம், அதே மக்கு. அந்தக் கடையிலிருந்துதான் தினமும் அவளுக்கு டீ வருகிறது.

யார் செய்தது இது? மூன்று நாள் சாப்பாட்டு நேரம் முழுக்க ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கமாகத் தேடிப்போனாள். கடைசியில், இருநூறு பேர்கூடப் பார்க்காத ஒரு சின்ன சேனலில் போய் நின்றது. குறை நிறை சொல்ல ஒரு போன் நம்பர் இருந்தது. அதை அழுத்தியதும் திரையில் பெயரே வந்தது: 'ரூபன் சேலம்'. அவள் குழுவில் இருக்கும் நம்பர்தான்.

ரூபன் அவர்கள் ஆபீஸ் லோடு ஓட்டியவன். ஒன்றரை வருடத்துக்கு முன் தார்ப்பாய் கட்டும்போது லோடு மேலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துபோனது. இரண்டு ஆபரேஷன். அதற்குப் பிறகு குழுவில் அவன் வாயே திறந்ததில்லை.

"ரூபா, நாந்தான் வசந்தா. அந்த கேம்ல வர்ற ரோடு நீ பண்ணுனதா?"

"பாத்துட்டீங்களாக்கா?"

"கண்ணுல தண்ணி வந்துபோச்சு சாமி. எப்படி இதெல்லாம் கத்துக்கிட்டே?"

"நீங்கதான்க்கா காரணம். லாரி கேம்ல நமக்குப் புடிச்ச ரோட்ட நாமளே போட்டுக்கலாம், அதுக்கு சாப்ட்வேர் சும்மாவே கெடைக்குதுன்னு ஒருநாள் எழுதியிருந்தீங்க. படுத்தே கெடந்தேனா, எம்பொண்டாட்டி இசபெல்லா அவளோட லேப்டாப்பக் குடுத்தா. வண்டியிலதான் ஏற முடியல, ரோட்டயாவது போடலாம்னு ஆரம்பிச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"முழுசா முடிச்சிட்டுச் சொல்லலாம்னு நெனச்சேன். தொப்பூர் கணவாயத் தாண்டுனா ரோடு ஞாபகம் கொழம்புது. ஆமா, மயிலம்மா கடைக்கு அந்தாண்ட இருக்கறது பஞ்சர் கடையா, வேப்பமரமா?"

அவள் எட்டிப் பார்த்தாள். "ரெண்டும் இருக்குது. மரத்தடியிலதான் பஞ்சர் கடை."

ரூபனின் சம்மதத்தோடு மறுநாள் குழுவில் அதைப் போட்டு, மீதி ரோடு எப்படியிருக்கும் என்று எல்லோரையும் கேட்டாள். லோடு கிடைக்காமல் வாயை மூடிக் கிடந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்கள். வழியெங்கும் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுத்து அனுப்பினார்கள். தர்மபுரிக்கு முன்னால் வேகத்தடை இரண்டா மூன்றா என்று இரண்டு நாள் சண்டை நடந்தது. சின்னண்ணன் ஒரே டோல்கேட்டைப் பதினான்கு படம் எடுத்து அனுப்ப, "அண்ணே, போதும்ணே" என்று ரூபன் கும்பிட்டான். சரவணமுத்துவும் ஒருநாள் மெதுவாக வந்து, "நம்ம ஆபீஸ் போர்டு வருதா அம்மணி?" என்று கேட்டார். வந்தது. இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம் என்று அபிப்பிராயப்பட்டார்.

ஐப்பசியில் ரூபன் கைத்தடி ஊன்றி, இசபெல்லாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். டீ கொண்டுவந்த மயிலம்மாள் அவனை அடையாளம் கண்டுகொண்டு, "எளைச்சுப்போட்டியே சாமி" என்று தோளைத் தடவிப் பார்த்தாள். அவன் லேப்டாப்பைத் திறந்து வசந்தாமணியின் முன்னால் வைத்தான்.

"ஓட்டுங்கக்கா."

மொபெட்கூட ஓட்டத் தெரியாத வசந்தாமணி லாரியைக் கிளப்பினாள். ஆபீஸ் வாசலைத் தாண்டியதும் வண்டி தன்னிஷ்டத்துக்குத் திரும்பியது.

"அக்கா, பிரேக்கு! பிரேக்கு!"

நீலப் பலகை சரிந்து, தண்ணீர் டிரம் பறந்து, லாரி கடைக்குள் போய் நின்றது.

"ஏனுங்க அம்மணி, என்ற கடைக்குள்ளயா உட்டீங்க?" என்றாள் மயிலம்மாள், இடுப்பில் கை வைத்தபடி.

"பிரேக்கு எங்கிருக்குதுன்னே தெரியலீங்க."

ரூபன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தான். மயிலம்மாள் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"செரி, போனாப் போவுது. இன்னொருக்கா ஓட்டுங்க பாக்கலாம்."