இன்னொரு பொட்டலம்

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் கோகிலவாணி ஓடிப்போய்ச் சமுதாயக்கூடத்தின் வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள். ஒரு கால் நிலைப்படியில், ஒரு கை தாழ்ப்பாளில். "ஆரும் போகக்கூடாதுங்க. ஆளுக்கு ஒரு கொறை சொல்லிட்டுப் போங்க. நல்லா இருக்குதுன்னு மட்டும் சொல்லக்கூடாது."

முன்வரிசையில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டபடி எழுந்து வருவார். "நல்லா இருக்குது கண்ணு."

"அதைத்தானுங்க சொல்லக்கூடாதுன்னேன்!"

"சரி, ரொம்ப நல்லா இருக்குது. வழிய உடு, மாட்டப் புடிச்சுக் கட்டோணும்."

கோகிலவாணிக்கு இருபத்தொரு வயது. மலைமேல் பெரக்கரை நாடு என்ற ஊர்க்கூட்டத்தில் மிளகும் குச்சிக்கிழங்கும் போடும் அர்த்தனாரியின் இளைய மகள். மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் கடைசி ஆண்டு படிக்கிறாள். அது படித்தால் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, "கேள்வி கேக்கற வேலைங்க" என்று பதில் வைத்திருக்கிறாள். எதுவும் இழுத்தால் அவளுக்குப் பொறுக்காது. பஸ்ஸில் கண்டக்டர் பையைத் துழாவிச் சில்லறை தேடினால், "இழுக்குதுங்க அண்ணா, வெட்டுங்க" என்பாள். கல்யாண வீட்டில் ஐயர் நீட்டி முழக்கினாலும் அதையேதான் சொல்வாள், கொஞ்சம் சத்தம் குறைத்து.

அவள் எடுத்திருக்கும் குறும்படத்தின் பெயர் 'பூவாக்கு'. பிளஸ் டூ முடித்த ஒரு மலைப்பெண்ணுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைக்கிறது. அனுப்பலாமா என்று வீட்டார் சாமியிடம் கேட்கிறார்கள். வெள்ளரளி ஒரு வாழையிலைத் துண்டில், செவ்வரளி இன்னொரு துண்டில். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, நாரால் கட்டிச் சாமி முன்னால் வைக்க, விவரம் தெரியாத ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடையில் விட்டுவிட வேண்டும்; பிரித்தால் சாமி குத்தம். படத்தில் சிவப்பு வருகிறது. அடுத்த முகூர்த்தத்தில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம்.

சாமியிடம் எதையெல்லாம் கேட்கிறார்கள், எதையெல்லாம் கேட்பதில்லை என்பதுதான் அவளுடைய எரிச்சலின் ஊற்று. வீட்டுப் பையன் பைக் வாங்கினால் பூ கேட்பதில்லை. அவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போகும்போதும் கேட்பதில்லை. மூன்றாம் முறையாக அரியர் எழுதும்போதும் தெய்வத்தைத் தொந்தரவு செய்வதில்லை. பெண் ஒருத்தி படிக்க மலையிறங்குவதாகச் சொன்னால் மட்டும் அரளிச் செடி எங்கே என்று தேடுகிறார்கள். கோகிலவாணிக்கும் கேட்டார்கள். "எனக்கு வெள்ளை வந்துச்சு. எனக்கு சாமி மேல நம்பிக்கையில்லீங்க. சாமிக்குத்தான் என்ன நெனச்சோ எம்மேல நம்பிக்கை."

படத்தில் நடித்த சுமித்ரா பக்கத்து ஊர்ப் பெண். படத்தில் வருவதுபோலவே அவளுக்கும் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஆடிப் பதினெட்டன்று அவளுக்குப் பூ கேட்கப்போகிறார்கள். அதற்குள் படத்தைச் சரிசெய்து சுமித்ராவின் ஊரில் போட்டுவிட வேண்டும், பார்த்தவர்களில் நாலு பேராவது "இதுக்கெல்லாம் எதுக்குங்க பூ?" என்று கேட்டுவிட வேண்டும். கோகிலவாணி கதவை மறித்து நிற்பது இதற்காகத்தான்.

வெவ்வேறு ஊர்களில் போட்டுக் காட்டி, பார்ப்பவர்கள் சொல்வதைக் கேட்டு வெட்டச் சொன்னவர் அவளுடைய பேராசிரியர் ஓம்பிரகாஷ். சேலத்துக்காரர், நல்லவர், மலைக்கு ஒருமுறை அருவி பார்க்க வந்திருக்கிறார். அவர் கொடுத்தனுப்பிய கருத்துப் படிவத்தில் ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் போட வேண்டும். மலையில் படிவம் என்றால் அது அரசாங்கத்தினுடையது. எல்லோரும் பயபக்தியோடு ஐந்து போட்டார்கள். ஒருவர் ஆதார் எண்ணையும் சேர்த்து எழுதிவிட்டு, "எப்பங்க வரும்?" என்று கேட்டுப் போனார்.

வாயால் கேட்டால் அதற்குமேல். "அது எங்க ஊட்டு வெள்ளாடாச்சே! எங்களக் கேக்காம எப்படிப் படத்துல போட்ட?" என்றார் ஒருவர். "அந்தப் புள்ள கட்டியிருக்கறது பேளுக்குறிச்சிச் சந்தைச் சேலைதான? சாயம் போகும் சாமி, உப்புத் தண்ணியில முக்கி எடுக்கச் சொல்லு" என்றார் ஒரு அம்மாள். ஒரு பெண்ணின் வாழ்க்கை பதினோரு நிமிடத்தில் முடிக்கப்படுவதைப் பார்த்துவிட்டுச் சேலையின் சாயத்தைப் பற்றிக் கவலைப்படும் ஊரை என்ன செய்வது?

ஆகவே அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். வாய் மரியாதைக்குப் பேசும், தொண்டைக்கு அந்த நாகரிகம் கிடையாது. படம் ஓடும்போது கூட்டத்தின் நடுவே போனை வைத்துப் பார்ப்பவர்களின் சத்தத்தைப் பதிவு செய்தாள். "போன் ஓடுதுங்க, பாத்து இருமுங்க" என்று முன்கூட்டியே அறிவித்தும் விடுவாள். சற்று நேரத்தில் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். பிறகு படத்தின் ஒலியை அணைத்துவிட்டு, அந்தப் பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு படத்தைப் பார்ப்பாள். எந்த இடத்தில் குழந்தை சிணுங்குகிறது, எந்த இடத்தில் வெற்றிலைப் பை திறக்கிறது, எந்த இடத்தில் பெஞ்சு முனகுகிறது என்று தெரிந்துவிடும். "இருமல் கேட்டா அந்த எடத்துல படம் செத்துப்போச்சுன்னு அர்த்தம்" என்பது அவளுடைய சட்டம்.

சொந்த ஊரில் போட்டபோது ஒரே ஒரு பலத்த இருமல் விழுந்தது. படத்தில் தகப்பன் உட்கார்ந்து இரண்டு பொட்டலத்தையும் நிதானமாகக் கட்டும் இடம். இருமியது அவளுடைய அப்பா அர்த்தனாரி. இருமிவிட்டு எழுந்து வெளியே போனவரை அவள் விடாமல் துரத்திப் பிடித்துக் கேட்டாள். "நல்லா இருக்குது கண்ணு. அந்தக் கட்டறது மட்டும் கொஞ்சம் நீளமா இருக்குது" என்றார் அவர். ஊரிலேயே ஒரு குறை சொன்ன ஒரே மனிதர் தன் அப்பா என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அன்றே அந்த இடத்தை நறுக்கென்று வெட்டிவிட்டாள்.

அடுத்து எடப்புளி நாட்டுப் பக்கம். அவளைவிட எட்டு வயது மூத்த அக்கா பாப்பாத்தி கட்டிக்கொடுக்கப்பட்ட ஊர். ஜன்னல்களைத் தார்ப்பாயால் அடைத்து, பகலிலேயே படம் போட்டார்கள். குழந்தை பொட்டலத்தை எடுத்தது, நார் அவிழ்ந்தது, செவ்வரளி தெரிந்தது. கூடம் கைதட்டியது. பின்னால் ஒருவன் விசில் அடித்தான்.

"சாமி உத்தரவு குடுத்திருச்சு!"

திரையில் சுமித்ரா தேம்பி அழுதாள். கைதட்டல் குழம்பி நின்றது. கல்யாணக் காட்சி வந்ததும் கூட்டத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "கிறுக்கனுங்க! சாமி போகச் சொல்லியும் புடிச்சுக் கட்டி வெக்கறானுங்க பாரு."

கோகிலவாணி கதவை மறிக்கக்கூட மறந்து நின்றாள். பெரியவர் ஒருவர் தானாகவே அவளிடம் வந்தார். "அருமையான கருத்துங்க. சாமி பேச்ச மீறுனா புள்ள வாழ்க்கை வெளங்காது. இதைத்தான் நாங்களும் சொல்றோம், ஆரு கேக்கறா?"

"ஏனுங்க, செவப்புன்னா கூடாதுங்களே!"

"ஆரு சொன்னது? வெள்ளை எழவு ஊட்டு நெறம். செவப்புதானுங்க மங்களம்."

அதே சாமி, அதே அரளி, அதே வாழையிலை. நடுவில் ஒரு மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் 'கூடாது' என்ற தெய்வம் இந்தப் பக்கம் 'போய் வா' என்கிறது. ஒரு பெண் படிப்பதும் படிக்காததும் அவள் மேட்டுக்கு எந்தப் பக்கம் பிறந்தாள் என்பதில் இருக்கிறது. இதைக் கேள்வி கேட்க வந்த படத்தைப் பார்த்துவிட்டுச் சாமி பேச்சைக் கேட்கச் சொல்லும் படம் என்கிறார்கள். கோகிலவாணி மூக்குநுனி சிவக்க ஓம்பிரகாஷுக்குப் போன் போட்டாள்.

"ஆடியன்ஸ் கன்ஃபியூஸ் ஆகறாங்கம்மா" என்றார் அவர். "ஆரம்பத்துல ஒரு டைட்டில் கார்டு போட்டுடு. வெள்ளைன்னா சம்மதம், சிவப்புன்னா மறுப்பு. முடிஞ்சுது."

"மேட்டுக்கு அந்தப் பக்கம் போட வேற கார்டு வெச்சுக்கட்டுங்களா சார்? இல்ல, ஊருக்கு ஒரு கார்டுங்களா?"

"நான் என்ன பண்ணட்டும்? ஃபீட்பேக்குன்னா அப்படித்தாம்மா."

அக்கா வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் கேமராப் பையைத் தொப்பென்று போட்டு உட்கார்ந்தாள். எதிரே பாப்பாத்தி குச்சிக்கிழங்கின் தோலைக் கத்தியால் கீறி உரித்துக்கொண்டிருந்தாள். "கை தட்டறாங்கக்கா! வெளங்குமா இந்த மலை?" பாப்பாத்தி சிரித்தாள். கோகிலவாணி பதிவைக் காதில் மாட்டினாள். கைதட்டல், விசில். அவற்றுக்கு அடியில், போனுக்கு மிக அருகில், இரண்டு பெண்களின் குரல். ஒன்று பக்கத்து வீட்டு மாதம்மாளுடையது.

"அந்தப் புள்ள எதுக்கு அழுவுது?"

"மேட்டுக்கு அந்தப் பக்கம் செவப்புன்னா கூடாதுங்கக்கா."

"நெசமாவா? நீயும் அந்தப் பக்கந்தான?"

"ஆமாங்க. எனக்கும் செவப்புதான் வந்துச்சு."

கோகிலவாணி அதை மறுபடி ஓட்டிக் கேட்டாள். பிறகு காதிலிருந்ததைக் கழற்றினாள். 'பாப்பாத்திக்குப் படிப்பு ஏறல, அவளே வேண்டாம்னுட்டா' என்பதுதான் வீட்டில் இத்தனை வருடமாகச் சொல்லிவந்த கதை.

"உனக்கு எப்பக்கா பூ கேட்டாங்க?"

பாப்பாத்தி அடுத்த கிழங்கை எடுத்தாள். "நீ அப்ப சின்னப் புள்ள. நாமக்கல்லுல நர்சுக்கு எடம் வந்துச்சு."

"படிப்பு ஏறலன்னாங்களே?"

"பின்ன, சாமியே வேண்டாம்னு சொன்ன புள்ளைன்னா மாப்ள ஊட்டுல பயப்பட மாட்டாங்களா?"

"இங்க வந்து, செவப்புன்னா போலாம்னு தெரிஞ்சப்ப என்ன பண்ணுன?"

"என்ன பண்றது? சிரிச்சேன்." கத்தி தோலுக்குள் இறங்கியது. "நீ கொறை கேட்டியே, நான் ஒண்ணு சொல்லட்டா? பொட்டலம் கட்டறது பொசுக்குனு முடிஞ்சு போகுது. அப்பா அப்படிக் கட்டல. எங்களுக்கு முதுகக் காட்டி உக்காந்து, ரொம்ப நேரம் கட்டுனாரு."

"நீளமாத்தான் எடுத்திருந்தேன். வெட்டிட்டேன்."

"ஏன்?"

"அப்பா இருமுனாரு. நீளமா இருக்குதுன்னாரு."

பாப்பாத்தியின் கை நின்றது. பிறகு கேட்டாள். "படத்துல அந்தக் கொழந்த எடுக்கறப்ப எப்படிச் சரியாச் செவப்பே வந்துச்சு?"

"எத்தன தடவ எடுப்போம்னு தெரியாதுல்ல? ரெண்டுலயும் செவப்புதான் வெச்சுக் கட்டுனேன். எதை எடுத்தாலும் ஒண்ணு…"

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள்.

"அன்னிக்கு அப்பா இன்னொண்ண ஆரையும் தொட உடல," என்றாள் பாப்பாத்தி. "அவரே கொண்டுபோயி ஓடையில உட்டாரு."

"அப்ப எனக்கு வந்த வெள்ளை?"

"அது அவருக்குத்தான் தெரியும். போயிக் கேளு. 'நல்லா இருக்குது கண்ணு'ம்பாரு."

கோகிலவாணி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள். ஒரு வாரமாகக் கதவை மறித்துக் கேட்ட குறை இருமலாகச் சொந்த ஊரிலேயே காதில் விழுந்திருக்கிறது. அதைக் கேட்டு அவள் வெட்டியெறிந்தது படத்தின் உயிரை. "வெட்டுனதச் சேக்கறேன்" என்றாள் பல்லைக் கடித்தபடி. "கார்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கடைசியில இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுக் காட்டறேன். ரெண்டும் ஒரே நெறம்னா மேட்டுக்கு எந்தப் பக்கம் உக்காந்து பாத்தாலும் புரியுமில்ல?"

"ஆரு பிரிப்பா? சுமித்ராவா? அவங்கப்பா ஊட்டுக்குள்ள உடுவாரா? சாமி குத்தம்னு குதிப்பாங்க."

அதை அவள் யோசித்திருக்கவில்லை.

பாப்பாத்தி கத்தியைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேமராப் பையை இழுத்தாள். படப்பிடிப்பில் மிஞ்சிய ஒரு பொட்டலம், இலை காய்ந்து பழுப்பேறி, அடியில் கிடந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான் பிரிக்கறேன். ஆடிப் பதினெட்டுக்கும் வாரேன். அந்தப் புள்ளைக்கும் இன்னொண்ணப் பிரிச்சுப் பாக்காம உடறதில்ல."

கோகிலவாணி கேமராவை எடுத்து அக்காவின் கைகளுக்கு நேராகப் பிடித்தாள். உள்ளே என்ன நிறம் என்று இருவருக்குமே தெரியும். வாழைநார் காய்ந்து முடிச்சு இறுகியிருந்தது. பக்கத்திலேயே கத்தி கிடந்தும் பாப்பாத்தி அதைத் தொடவில்லை. கிழங்குப் பால் ஒட்டிய நகத்தால் முடிச்சை நெம்பினாள், நழுவியது, மறுபடி நெம்பினாள். நெடுநேரம் இழுத்தது. கோகிலவாணி வெட்டவில்லை.