இருபத்திரண்டு வருடம் பார்க்காத மலை

நேசையன் ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு பழைய கார் வாங்கினார். அன்றைக்கு அருமனை ஊரிலுள்ள வீட்டு வாசலில் நடந்த பேச்சு அவர் மகள் அஜிஷாவுக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“முதல்ல எங்கப்பா போவணும்?” என்று அவள் கேட்டாள்.

“கோதையாறு.”

அம்மா சத்தியபாய் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். “இருவத்திரண்டு வருசம் அந்த மலைக்குத்தானே பஸ் ஓட்டுனிய? இன்னும் அலுக்கலியா?”

“ஓட்டுனேன். மலையைப் பாத்தேனா?”

“கண்ணைக் கெட்டிக்கிட்டா ஓட்டுனிய?”

“ரோட்டைப் பாக்கியவனுக்கு மலை எங்க தெரியும்?”

சத்தியபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, அப்பனும் மகளும் போய்ப் பாத்துட்டு வாருங்க. எனக்கு சர்ச்சுல கூட்டம் இருக்கு.”

நேசையன் சொன்னது பொய்யில்லை. பஸ்ஸில் பயணிகள் “அந்தா பாரு, ஆனை!” என்று ஒரு பக்கமாகச் சாய்வார்கள். வண்டி சாய்கிறதா என்று அவர் கண்ணாடியைப் பார்ப்பார். குலசேகரத்திலிருந்து புறப்பட்டால் பள்ளம், எதிர்வண்டி, வளைவு. இந்த மூன்றும்தான் அவருக்குக் கோதையாறு.

சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். பேச்சிப்பாறை அணையைத் தாண்டியதும், வனத்துறைச் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் குப்பி இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். காட்டுக்குள் நுழைந்ததும், ரப்பர் தோட்டம் ஒன்றின் வாசலில் நேசையன் காரை ஓரங்கட்டினார். அங்கே யாருமில்லை. கை கியரில் இருக்க, கண் கண்ணாடியில் இருந்தது.

“ஏன்ப்பா நிறுத்துனிய?”

அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. இது பஸ் நிற்கிற இடம். கண்டக்டரின் விசிலுக்காகக் காத்திருக்கிறார்.

அடுத்த நிறுத்தத்திலும் கால் தானாக பிரேக்கை மிதித்தது. அங்கே மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். அதில் தேவகனி, பல வருடம் அவர் பஸ்ஸில் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவள், கேட்காமலே பின்கதவைத் திறந்தாள்.

“டிரைவர் அண்ணனா! பஸ்ஸு சுருங்கிப் போச்சா?”

“ஏறு, ஏறு. ஸ்டாப்புல நின்னா ஏறத்தானே செய்யணும்,” என்றார் நேசையன்.

மூன்று பேரும் வாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இரண்டு வளைவு தாண்டியதும் தேவகனி கத்தினாள். “ஏட்டி, ஆத்துக்கு அக்கரையில காட்டுமாடு! கன்னும் நிக்குது பாரு!” எல்லோரும் திரும்பினார்கள். அஜிஷாவும் திரும்பினாள். நேசையன் ஒரு முறை கண்ணை எடுக்கப் பார்த்தார். உடனே கழுத்து இறுகி, பார்வை ரோட்டுக்கே வந்தது.

பெண்கள் தோட்டத்தில் இறங்கிக்கொண்டார்கள். கோதையாற்றில் டீ குடிக்கும்போது அஜிஷா கேட்டாள், “பாத்தியளாப்பா?”

“ஒண்ணும் பாக்கல. எதிர்ல ரெண்டு லாரி வந்துச்சு. அதுதான் தெரியும்.”

தன் வண்டியின் ஸ்டீயரிங்கை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. அஜிஷா லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தும், இந்தக் காரை ஆலய மைதானத்தைத் தாண்டி ஓட்டவிட்டதில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அவர் காரின் இடதுபக்கம் போய் நின்றார். பிறகு சாவியை நீட்டினார்.

“மக்ளே, கீழ வரைக்கும் நீ ஓட்டுவியா? நான் வெளிய பாத்துக்கிட்டு வாறேன்.”